ஏழரை மணிக்கு வீட்டில் என்ன இருக்கிறது

"சத்தா சாப்பிடறதெல்லாம் காசு உள்ளவங்க செய்யற வேலை தங்கச்சி. நமக்கு நேரமும் இல்ல, காசும் இல்ல." பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் நிற்கும் அக்கா ஒருவர் இதைச் சொல்லிப் பல மாதம் ஆகிறது. மத்தியான இடைவேளையில், கென்டீன் மேசையில், பொரித்த கோழியும் குழம்பு ஊற்றிய சோறும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அந்த வாரம்தான் அரசாங்கக் கிளினிக்கில் அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) என்று சொல்லியிருந்தார்கள். கையில் ஒரு தாளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு தட்டின் படம்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, மீதிப் பாதி முழுக்கக் காய்கறியும் பழமும். 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) என்று மலேசியச் சுகாதார அமைச்சு வருடக்கணக்காகச் சொல்லிவரும் அதே தட்டுதான். அக்கா அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

அன்றைக்கு அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி இல்லை அக்கா என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று தலையாட்டவும் மனசு வரவில்லை. காலை ஏழு மணிக்கு உள்ளே போய் இரவு ஏழு மணிக்கு வெளியே வருகிற ஒருவரிடம் "வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கொடுமையானது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே நேரத்துக்குத்தான் வெளியே வருகிறேன். சத்தான உணவு பற்றி நமக்கு வரும் கட்டுரைகளையும் காணொளிகளையும் பாருங்கள்: அவகாடோ, கீன்வா, ஓட்ஸ், கிரேக்கத் தயிர். பேரங்காடியில் ஒரு கிண்ணம் சாலட் இருபது வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும், அதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். இதுதான் ஆரோக்கியம் என்றால் அக்கா சொன்னது சரிதான். ஆனால் அவர் சொன்னதை அப்படியே விட்டுவிட்டால் அடுத்து என்ன ஆகும் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. 2019-இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 31 விழுக்காட்டுக்கு மேல். மூன்று பேரில் ஒருவர் என்பதை நான் எந்த அறிக்கையிலும் தேட வேண்டியதில்லை, எங்கள் குடும்பப் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாலே போதும்.

ஷிஃப்டும் பொரித்த கோழியும்

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு வருடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது 1972. கோலாலம்பூரில் கேஎஃப்சியின் முதல் கடை திறந்தது 1973. (ஏ அண்ட் டபிள்யூ பர்கர் கடை அதற்கும் பத்து வருடம் முன்பே, 1963-இலேயே வந்துவிட்டது. புக்கிட் பிந்தாங்கில் மெக்டோனால்ட்ஸ் வந்தது 1982-இல்.) ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைக்கு வந்த அதே காலத்தில்தான், சாயங்காலம் அடுப்புப் பக்கம் நிற்க ஆள் இல்லாத வீடுகள் முதல்முறையாக இவ்வளவு பெருகின. அந்த வெற்றிடத்துக்குள் யாராவது வந்துதான் ஆகவேண்டும். பெட்டியில் போட்டுச் சூடாகக் கொடுப்பவர்கள் வந்தார்கள். தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்திலேயே பர்கர் ஒட்டுக்கடைக்காரர் வந்தார், மார்ஜரினில் முட்டையை விரித்து இறைச்சியை அதில் மடித்துத் தாளில் சுற்றிக் கையில் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம். நம் ஆட்கள் நாக்குக்கு அடிமையாகிவிட்டார்கள், சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று பேசுகிறவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ருசிகூட இல்லை. யோசிக்காமல், பாத்திரம் கழுவாமல், உடனே வயிறு நிறைய வேண்டும். துரித உணவு அதைக் கொடுக்கிறது. அதனுடைய உண்மையான பலம் அதுதான், அதை ஒத்துக்கொள்ளாமல் மாற்று பற்றிப் பேசிப் பயனில்லை.

அப்புறம், துரித உணவு என்றால் வெளிநாட்டுப் பெயர்ப்பலகை போட்ட கடை மட்டும்தான் என்று நினைப்பதும் நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. பர்கர் சாப்பிடாதே என்று பிள்ளையைத் திட்டிவிட்டு, விடியற்காலையில் மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் பசியாறிவிட்டு வேலைக்குப் போகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி, மைதாவும் எண்ணெயும்தான், நாரோ புரதமோ பெயருக்குத்தான் இருக்கும். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டியான டின் பாலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் நான்கு தேக்கரண்டி சீனி உள்ளே போய்விடும். 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்பு பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, நூறு மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரி. நல்ல காரியம். ஆனால் அது டின்னிலும் போத்தலிலும் வருகிற பானத்துக்குத்தான். கடையில் நம் கண் முன்னால் ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது, அதற்கு நம் வாயால்தான் "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்ல வேண்டும். இரவு பதினொரு மணிக்குச் சாப்பிடும் மேகி கோரேங்கை (பிரட்டிய மேகி மீ) பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு பாக்கெட் மீயின் தூளிலேயே ஒரு நாளைக்குப் போதுமான உப்பில் பாதி வந்துவிடும்.

அந்த ஒரு சாயங்காலம்

இந்த விஷயத்தை நான் பார்க்கும் விதம் மாறியது ஒரு மழை நாளில். பாயான் லெப்பாஸ் சாலை நகரவே இல்லை, பஸ்ஸுக்குள் எல்லோரும் தலையைக் கவிழ்த்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பெண் உணவு வரவழைக்கும் செயலியைத் திறந்து கோழி செட் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அதையே திறந்தேன். சுங்கை டுவா வீட்டுக்குப் போய்ச் சேர எட்டு மணியைத் தாண்டிவிடும், மகன் பசியோடு இருப்பான், கணவர் துறைமுகத்தில் இரவு வேலை. முகவரி எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கிறது, விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலி சுற்றிக்கொண்டே நின்றது. மழைக்கு ரைடர் யாரும் கிடைக்கவில்லை போல. சரி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கதவைத் திறந்ததும் தோசை வாசம். மகன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான், அடுப்பு பற்ற வைக்கத் தெரியும் என்பதற்கு மேல் அவனுடைய சமையல் திறமையைப் பற்றி எனக்கு எந்த நம்பிக்கையும் இருந்ததில்லை. முந்தின நாள்தான் என் மாமியார் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து ஒரு பெரிய டப்பா தோசை மாவை ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவன் அதை எடுத்து ஊற்றியிருக்கிறான். வட்டமாகவெல்லாம் வரவில்லை, ஓரம் ஒரு பக்கம் கருகி, நடுவில் தடித்துப்போய் இருந்தது. மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மீதமிருந்த நெத்திலிச் சம்பலைத் தொட்டுக்கொண்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் இரண்டு ஊற்றித் தட்டால் மூடி வைத்திருந்தான். "எப்படிடா இது?" என்றேன். "மாவு இருந்துச்சி, ஊத்துனேன்" என்றான், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஆனால் எனக்கு அதிலேயே எல்லாம் இருந்தது. என் மகனுக்குத் தோசையை விடப் பொரித்த கோழிதான் பிடிக்கும், நேற்றும் பிடிக்கும், நாளைக்கும் பிடிக்கும். அவன் அன்றைக்கு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆரோக்கியம், கலோரி, நார்ச்சத்து ஒன்றும் அவன் மண்டையில் ஓடவில்லை. பசித்தது, ஐஸ்பெட்டியைத் திறந்தான், மாவு இருந்தது. மாவு இல்லாமல் இருந்திருந்தால் மீ பாக்கெட்டைக் கிழித்திருப்பான். கிளினிக்கில் கொடுத்த தாளும், நாம் பார்க்கும் காணொளிகளும் சாப்பிடும் நேரத்தில் நல்லதைத் தேர்ந்தெடு என்று சொல்கின்றன. களைத்துப்போய் வந்து நிற்கிற ஏழரை மணிக்கு மனுஷனுக்குத் தேர்ந்தெடுக்கிற தெம்பு இருப்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கு எது கிடைக்கிறதோ அதுதான் சாப்பாடு. அப்படியென்றால் முடிவு எடுக்கவேண்டிய நேரமே வேறு, தெம்பு இருக்கிற ஏதாவது ஒரு நேரத்தில், ஓய்வு நாள் காலையிலோ, தூங்கப் போவதற்கு முன் ஐந்து நிமிடத்திலோ அதை எடுத்துவிட வேண்டும். இரவில் கொண்டைக்கடலையை ஊறவைப்பது சமையலே இல்லை, தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஆனால் மறுநாள் சாயங்காலத்தை அது பாதி முடித்துவிடுகிறது.

ஓய்வு நாள் வேலை

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். வீட்டுச் சாப்பாடு நல்லது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தச் சாப்பாட்டை யார் செய்வது என்று சொல்வதே இல்லை. சொல்லாமல் விட்டால் அது தானாகப் பெண் தலையில் வந்து விழும். ஷிஃப்டுக்குப் போகிற பெண்ணிடம் ஓய்வு நாளையும் அடுப்படியில் கழி என்று சொல்வதாக இருந்தால், அவள் கோழி செட்டே வாங்கட்டும், நான் அவள் பக்கம்தான் நிற்பேன். எங்கள் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அரிசி, உளுந்து, கடலை ஊறவைப்பது மகன் பொறுப்பு. பாயான் பாரு மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி, அங்கேயே கழுவி வெட்டிக்கொண்டு வருவது கணவர் பொறுப்பு. அரைப்பது, மசாலா தடவுவது, டப்பாவில் போட்டு அடுக்குவது என் வேலை. காலையில் ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், அதற்குப் பிறகு அன்றைக்கு நான் அடுப்படிப் பக்கம் போவதில்லை.

தோசையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிப்புநீர் உள்ளவர்கள் இதைப் படிப்பீர்கள். வெள்ளை அரிசித் தோசை நாலைந்து சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சோறு சாப்பிட்டது போலவே ஏறும், வீட்டில் சுட்டது என்பதால் அது மருந்தாகிவிடாது. அதனால் மாவையே கொஞ்சம் மாற்றினோம். உளுந்தின் பங்கைக் கூட்டி, அரிசியில் ஒரு பகுதிக்குப் பதில் கேழ்வரகு மாவு. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கத்து மளிகைக் கடைகளில் கேழ்வரகு மாவு தாராளமாகக் கிடைக்கும். அதைவிட எனக்குப் பிடித்துப்போனது பச்சைப்பயறுத் தோசை. இரவில் பயறை ஊறப்போட்டுக் காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைத்தால் அப்போதே ஊற்றலாம், புளிக்கவைக்கிற வேலையே கிடையாது. அடையும் அப்படித்தான். இந்த இரண்டிலும் பருப்புதான் அதிகம் என்பதால் இரண்டு சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பினாங்கு வெயிலுக்கு உளுந்து மாவை வெளியே ராத்திரி முழுக்க வைத்தால் பொங்கி வழிந்து புளித்துப்போகும், பொங்கி வந்ததும் ஐஸ்பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும், இங்கே புதிதாக மாவு ஆட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான்.

கொண்டைக்கடலை ஒரு கிலோ வாங்கி ஊறவைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பிரஷர் குக்கரில் மொத்தமாக வேகவைத்து, சின்னச் சின்னப் பைகளில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுகிறோம். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சுண்டல், வெங்காயம் தக்காளி வதக்கிப் போட்டால் குழம்பு. கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) மலிவு, ஒமேகா 3 நிறைய உள்ள மீன், மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி உறைபெட்டியில் இருந்தால் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டியெடுக்கப் பத்து நிமிடம் போதும். கங்கோங் கீரையைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. புளிக்கவைத்த சோயாவில் செய்யும் தெம்பே நம் வீடுகளில் இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது, ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. புரதம் நிறைய, விலை கொஞ்சம், மெலிதாகச் சீவி மிளகுத்தூள் போட்டு வறுத்தால் சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளலாம், சும்மாவும் மெல்லலாம். அப்புறம் கோழி. கோழி இல்லாமல் என் மகன் ஒத்துவரவே மாட்டான். தயிர், இஞ்சி பூண்டு, கஷ்மீரி மிளகாய்த்தூள், கரம் மசாலாவில் ஊறிய கோழித் தொடைகள் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் அரை மணிக்குள் தோல் மொறுமொறுவென்று வந்துவிடுகிறது. கடைக் கோழியின் சுவை இதில் வராது. வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லி ஏமாற்றவும் வேண்டாம், அது வேறு இது வேறு. பிறந்தநாளுக்கும் பரீட்சை முடிந்த நாளுக்கும் கடைக்கே போய்ச் சாப்பிடுகிறோம், சந்தோஷமாகச் சாப்பிடுகிறோம்.

வெளியே சாப்பிட்டே ஆகவேண்டிய நாட்கள் இருக்கும். அப்போதும் மாமாக் கடையே போதும், கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. நாசி கண்டாரில் "பாஞ்சிர்" என்று குழம்பில் மூழ்கடிக்கச் சொல்லாமல், பாதிச் சோறு, குழம்பு தனியாக, வெண்டைக்காயும் முட்டைக்கோசும் கூடுதலாக என்று கேட்கலாம். ரொட்டிக்குப் பதில் சப்பாத்தியும் பருப்பும், தே தாரிக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். சாயங்காலம் தந்தூரி அடுப்பு பற்றவைத்திருக்கும் கடை என்றால் நான் தந்தூரிக் கோழியும் வெள்ளரிக்காயும் மட்டும் வாங்குவேன், பொரித்ததை விட எவ்வளவோ மேல். சீனர் கடைப் பல கறிச் சோறும் நல்லதுதான், தட்டில் என்ன விழவேண்டும் என்று நாமே சொல்லலாம் என்பதால். மாமாக் கடை அண்ணன் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார். நாலு நாள் போனால் நாம் உட்காரும்போதே "தே ஓ கோசோங்தானே அக்கா?" என்று அவரே கேட்பார்.

அக்கா சொன்னதில் மிச்சமிருப்பது

இதையெல்லாம் ஒரே நாளில் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்வதை விடக் கொடுப்பது நல்லது என்று தோன்றியது, பச்சைப்பயறு மாவு ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுத்து, இஞ்சி கொஞ்சம் கூடப் போடலாம் என்றார். காசுக் கணக்கையும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு துண்டுக் கோழி செட், தண்ணீர், கொண்டுவந்து கொடுக்கிற கூலி எல்லாம் சேர்த்து ஒருவருக்குப் பதினைந்து இருபது வெள்ளி ஆகிற இடத்தில், ஒரு கிலோ பயறு வாங்கினால் ஒரு குடும்பத்துக்குப் பல வேளை வருகிறது. காசு விஷயத்தில் அக்கா விட்டுக்கொடுத்தார். நேர விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. "உனக்குப் புருஷன் மீன் வெட்டிட்டு வராரு, மாமியார் மாவு கொண்டாந்து வைக்கிறாங்க. நான் தனி ஆளு" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அதோடு நிறுத்தவில்லை. எங்கள் லைனில் வேலை செய்யும் நேப்பாளப் பையன்களையும், ஹோஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களையும் காட்டி, ஓர் அறையில் இத்தனை பேர், ஒரே ஒரு அடுப்பு, இவர்கள் எங்கே போய்ப் பயறு ஊறவைப்பார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு முன்னமே வந்திருக்க வேண்டியது, அவருக்குத்தான் வந்தது.

தனி ஆளுக்கும் அறைவாசிக்கும் ஏழரை மணிக்கு முன்னால் நல்லது கைக்குக் கிடைக்கிற ஒரே இடம் கென்டீன்தான். இரவு ஷிஃப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே கிடைப்பது பொரித்த மீயும் நகெட்டும் நிற நிறமான சர்பத்தும். கென்டீனில் சமையல்காரர் இருக்கிறார், பெரிய அடுப்பு இருக்கிறது, தினம் ஆயிரக்கணக்கான பேர் வந்து போகிறார்கள். அங்கே சட்டியில் பருப்பும் கீரையும் இருந்தால், ஒரு மூலையில் தோசைக்கல் இருந்தால், யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். அக்காதான் முதலில் கடிதம் எழுதலாம் என்றார். தொழிலாளர் நலக் குழுவுக்கு மலாயில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம், கையெழுத்து போட்டதில் மலாய், சீன, நேப்பாள நண்பர்களும் நிறைய. மூன்று விஷயம் கேட்டிருந்தோம்: குளிர்ந்த குடிதண்ணீரும் சீனி இல்லாத தேநீரும் முன்வரிசையில் இருக்க வேண்டும், இரவு ஷிஃப்டுக்கும் காய்கறியும் பருப்பும் சூடாக இருக்க வேண்டும், வாரத்தில் சில நாளாவது வாட்டிய மீன் இருக்க வேண்டும். முதலாவது நடந்துவிட்டது, சர்பத்து டப்பாக்கள் இப்போது பின்னால் போய்விட்டன. மற்ற இரண்டும் குத்தகைக்காரரோடு பேசவேண்டிய விஷயம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில், இந்த முறை அக்காவே உள்ளே போய்ப் பேசப்போகிறார்.